லெப்ட் போலாம்

ஜூன் 3, செவ்வாய்

வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் வராததுமாக இவர் வேனை எங்கள் வீட்டு கேட் தூணில் இடித்துவிட்டார்.

தை மாதம் எங்கள் ஊர் கோபியை விட்டுக் கிளம்பியவர்கள், காசி, டார்ஜிலிங், அமிர்தசரஸ், ராஜஸ்தான் பாலைவனம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொங்கண் கடற்கரையோடு இறங்கி வந்திருக்கிறோம். மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே வரிசையாக ராணுவ லாரி. அங்கெல்லாம் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. தானே பக்கத்தில் நின்று கட்டிய தூணில் கொண்டுபோய்ச் சாத்தியிருக்கிறார். கேட்டால் தூண் நகர்ந்திருக்கிறதாம்.

நான் அப்போது வண்டியில் இல்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். தெருமுனைக் கடையில் இறங்கிக்கொண்டு, நீங்க போங்க, நான் நடந்து வர்றேன் என்று அனுப்பிவிட்டேன். பால் பாக்கெட்டோடு திரும்பும்போது சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டியின் இடது பக்கத் தகரம் நசுங்கி, தூணில் சிமெண்டு பெயர்ந்து, இவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டு லோகநாதன் வந்து எட்டிப் பார்த்து, காசி வரைக்கும் வழி தெரிஞ்சுது, சொந்த ஊட்டு வாசல் தெரியலீங்களாண்ணா என்று சிரித்தான். இவருக்கு முகம் செத்துவிட்டது. சர்வீஸ் முழுக்க அரசு பஸ் ஓட்டி, ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடிக்காமல் ரிட்டையர் ஆன மனிதர்.

நாங்கள் இல்லாத சமயத்தில் ரோட்டுக்கு இன்னொரு அடுக்குத் தார் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

பயணம் முடிந்தது என்று டைரியில் கோடு போடலாமென்று எடுத்தேன். பக்கம் நிறைய மிச்சம் இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் பருப்பு சிந்தினாலும் பொறுக்கி எடுத்த கை இது, வெற்றுப் பக்கத்தை எப்படி விடும். எழுதி முடித்துவிடுகிறேன்.

ஜூன் 4, புதன்

நாள் முழுக்கத் துணி துவைப்பு. குழாயைத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டு மூடுகிறேன். வண்டியில் தொட்டித் தண்ணீரை அளந்து அளந்து புழங்கிய பழக்கம் போகவில்லை.

இந்த வீடு இவ்வளவு பெரியதாகவா இருந்தது? வண்டிக்குள் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் உப்பு, அந்தக் கையைத் திருப்பினால் கட்டில். சன்னமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் காதில் விழுந்துவிடும். இங்கே சமையலறையிலிருந்து காபி வேணுமா என்று கேட்டால் பதிலே வருவதில்லை. போய்ப் பார்த்தால் முன்ரூமில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் இருந்தோம், அப்போது தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

வினோ போன் செய்தாள். எங்கள் ஒரே மகள், ஓசூரில் இருக்கிறாள், கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. ஏழாம் மாதம். வருகிற இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கே வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பிரசவத்துக்கு நாங்கள் இங்கே கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். அப்பா வண்டியிலயே வர்றேன் சாமி, நீ கட்டில்ல காலை நீட்டிப் படுத்துட்டு வரலாம், குலுங்காம கொண்டாந்து சேத்தறேன் என்று ஒரே பேச்சு. அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. சாப்பிடும்போது அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். நேற்றும் தட்டிவிட்டார்.

டம்ளரை இனிமேல் தட்டுக்கு வலது பக்கம் வைக்கிறேன். அதுதான் எனக்கும் வசதி.

ஜூன் 7, சனி

சந்தைக்கு இரண்டு பேருமாக நடந்து போனோம். தெருவே பார்த்தது. பார்க்கட்டும். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இந்த அதிசயத்தை எழுதியே ஆகவேண்டும். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனால் பத்தடி முன்னால் போவார். நான் பின்னாலேயே ஓடவேண்டும், தொலைந்து போனாலும் படம் முடிந்துதான் தெரியும். அப்படிப்பட்ட மனிதர் ராஜஸ்தானில் ஒரு கடைவீதியில் திடீரென்று, இக்கட்ட வா சுலோ என்று என்னை இடது பக்கம் இழுத்துக் கையைக் கோத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கே நடந்தாலும் நான் இவருக்கு இடது பக்கம், என் கை இவர் கையில். அறுபது வயதுக்கு மேல் எனக்கு வந்த வாழ்வு.

வழியில் லோகநாதன் வணக்கம் சொன்னான். இவர் கண்டுகொள்ளாமல் நடந்தார். சாயங்காலம் அவன் பெண்சாதி வந்து, ஊர் சுத்திட்டு வந்ததும் அண்ணனுக்கு மனுசரு தெரியறதில்லையாட்டம் என்று குத்திவிட்டுப் போனாள். அன்றைக்குச் சிரித்தான் அல்லவா, அந்தக் கோபம் இவருக்கு இருக்கும். லோகநாதன் நின்றது எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்த்தேன். அப்புறம் யோசிக்கவில்லை. இட்லிக்கு அரிசி ஊற வைக்கிற வேலை இருந்தது.

ஜூன் 9, திங்கள்

வண்டியைக் கழுவினோம். சீட்டுக்கு அடியில் மணல், கோதுமை மாவு, எங்கேயோ வாங்கிய சீப்பு.

பழைய டெம்போ வேன் இது. ரிட்டையர் ஆகி வாங்கி, கரூரில் கொடுத்துக் கூடு கட்டிய வண்டி. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்னதாக ஒரு கக்கூஸ். முன்கண்ணாடியில் பஸ்ஸுக்கு வைக்கிற மாதிரி 'கோபி – காசி – கோபி' என்று போர்டு. கிளம்புகிற அன்று சாமி கும்பிட்டுவிட்டு என் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார். பஸ்ஸுன்னா கண்டக்டர் வேணுமல்ல என்றார். ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். பின்னால் எடுக்கும்போது நான் இறங்கி, வரலாம், வரலாம் என்றும், நிறுத்தவேண்டிய இடத்தில் ஓல்டான் என்றும் கத்தி வண்டியின் முதுகில் தட்டவேண்டும். நாக்பூரில் ஒரு லாரி உரசி இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. அப்போதுதான், நீயே கண்ணாடியா இரு என்று சொல்லிக் கொடுத்தார். இடது பக்கம் சும்மா இருந்தால் லெப்ட் போலாம். ஏதாவது வந்தால் லெப்ட்ல வண்டி.

ஆக்ராவிலேயே புதுக் கண்ணாடி போட்டாயிற்று. ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். நான் வாயை மூடினால், என்ன கண்டக்டர் தூங்கியாச்சா என்பார். உலகத்தில் ஒரு மனிதன் என்னைப் பேசு பேசு என்று கேட்டது அந்த ஐந்து மாதம்தான்.

ஜூன் 11, புதன்

கொடிக்கம்பியில் காயவைத்த வேட்டிக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கம்பத்தில் இடித்துக்கொண்டார். இடது நெற்றியில் புடைத்துவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டேன். கம்பத்தைத் திட்டினேன். இவர் கம்பத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 13, வெள்ளி

மாப்பிள்ளை பிரகதீஷ் போன் செய்தார். நல்ல பையன், தன்மையாகத்தான் சொன்னார். கேட்டில் இடித்ததை வினோ சொன்னாளாம் (நான்தான் அவளிடம் உளறியது). வருகிற வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இந்த மாதமே நாலைந்து விபத்தாம். மாமாவுக்கு எதுக்குங்க சிரமம், நானே ஒரு கார் வெச்சு அனுப்பிச்சு வெக்கறனே என்றார்.

இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. கட்டிலுக்கு வாங்கிவந்த புது மெத்தையைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அதை அப்படியே வைத்துவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பெற்ற மகளைக் கூட்டிவரக் கூடாது என்று சொன்னால் எந்த அப்பனுக்குத்தான் தாங்கும். டெப்போவில் பழைய ஆட்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

எனக்கும் ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதை எழுதமாட்டேன். எழுதினால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் வண்டி போகும். வண்டி போனால் இவர் முன்ரூமில், நான் சமையலறையில்.

ஜூன் 14, சனி

காலையில் இவரே கூப்பிட்டார். ரெண்டு வாளி எடுத்துக்க என்றார்.

மூடிக் கிடக்கிற அரிசி ஆலைக்குப் பின்னால் நெல் காயவைக்கிற களம் இருக்கிறது. ஈ காக்கை இல்லை. இரண்டு வாளியிலும் தண்ணீர் பிடித்து, ஒரு கேட்டு அகலத்துக்கு இடைவெளி விட்டு வைக்கச் சொன்னார். இவரே அடி அளந்து கோடு கீறிக் கொடுத்தார். நடுவில் வண்டியை விடப்போகிறாராம். லைசென்சுக்கு எட்டுப் போடுகிற பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இங்க பாரு. நீ வண்டில ஏறாத. வாயவும் தொறக்காத. விசிலும் வேண்டாம். நான் ஒண்டியா உட்டுப் பாக்கறேன். வாளில பட்டுதுன்னா மாப்பிள்ளை சொல்றபடி காரு. படலீன்னா நம்ம வண்டி."

வண்டியை எடுத்துவர அந்தக் கோடிக்குப் போனார். நான் வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படவில்லை. அழகாக நடுவில் வந்து நின்றது. இறங்கி வந்து இரண்டு வாளியையும் பார்த்தார். தண்ணீர் தளும்பக்கூட இல்லை. மனிதருக்கு முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள். வருகிற வழியில் எனக்கு மல்லிகைப்பூவும் கால் கிலோ அல்வாவும். மாப்பிள்ளைக்கு அப்போதே போன். மெத்தையைக் கட்டிலில் போட்டாயிற்று.

இடது பக்க வாளி வைத்த இடம் கரடுமுரடாக இருந்தது. சமமாக இருக்கட்டுமென்று கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன். ஒரு முழம் இருக்கும். அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

அல்வா அப்படியே இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

காலையில் வினோ பேசினாள். குழந்தை உதைக்கிறதாம். அப்பா குரல் கேட்டால் ஜாஸ்தி உதைக்கிறதாம். கார் கீர் வேண்டாம் அம்மா, அப்பா கூடவே வர்றேன், அப்பா ஓட்டுனா எனக்குப் பயமில்லை என்றாள்.

போனை வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன். இவர் வண்டிக்குள் கட்டில் ஓரமாக ஒரு கம்பி முடுக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது வினோ பிடித்துக்கொள்ள. திருப்புளியை இடது பக்கம் வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். கைக்கு எட்டுகிற தூரம். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் கட்டிலுக்கு அடியில் தேடினார், சட்டைப் பையில் தேடினார். கடைசியில் முழு உடம்போடு திரும்பினபோதுதான் கண்டார்.

"ஏனுங்க, வாளிய நான் நகத்தி வெச்சுட்டனுங்க" என்றேன்.

திருப்புளி கையோடு நின்றுவிட்டது. "எந்த வாளி?"

"லெப்ட் வாளி. நீங்க அந்தக் கோடிக்குப் போனப்ப. கோட்டுலயே இருந்திருந்தா பட்டிருக்குமுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை கேட்டு மனசு ஆறியிருப்பேன். இறங்கிப்போய்க் கை கழுவினார். துண்டில் துடைத்தார். வா, மறுக்கா வெய்யி என்று சாவியை எடுத்தார்.

களத்தில் கோடு அப்படியே இருந்தது. இந்தத் தடவை கோட்டின்மேல் வைத்தேன். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. இடது பக்கம் வாளியை நோக்கி நேராக வருவது எனக்குத் தெரிகிறது, ஓல்டான் என்று வயிற்றிலிருந்து எழும்புகிறது, கத்தவில்லை. வாளி உடைந்து தண்ணீர் பரவியது. இவர் அது தெரியாமலே இன்னும் கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, சிரித்த முகமாக இறங்கினார். பட்டுதா என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். அதைப் பார்த்துத்தான் இவர் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தார். சக்கரத்துக்குப் பின்னால் வாளியின் பாதி கிடந்தது. ஈரக் களத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுல எந்தக் குத்தமும் இல்லையே சுலோ, எனக்கு நல்லாத்தான் தெரியுது என்றார். அப்புறம், கண்ணாஸ்பத்திரி எத்தனை மணிக்குத் தொறப்பாங்க என்று கேட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

கோயமுத்தூர் போனோம். பஸ்ஸில். இவருக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் கால் தரையை அழுத்தியது.

ஒரு இருட்டறையில் இவரை உட்காரவைத்து, கையில் பொத்தான் கொடுத்து, முன்னால் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி வரும், வந்தால் அழுத்துங்க என்றார்கள். கதவோரம் நான். வலது கண்ணுக்கு டிக் டிக் என்று அழுத்தினார். இடது கண்ணுக்கு அழுத்தவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார், பொறுமையாக, பஸ் ஸ்டாண்டில் டைம் வருவதற்குக் காத்திருக்கிற மாதிரி. முடிந்ததும் சோதித்த பெண்ணிடம், லைட்டே போடலீங்களேம்மா என்றார். போட்டமுங்கய்யா என்று அது மெதுவாகச் சொன்னது.

டாக்டரம்மா சின்ன வயது, பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, இடது கண் நரம்பு பெரும்பாலும் காய்ந்துவிட்டது. வலியே தெரியாமல் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருமாம். ஒரு கண்ணில் போனதை இன்னொரு கண் சரிக்கட்டிவிடும், அதனால் ஆளுக்கே தெரியாதாம். போனது போனதுதான். வலது கண்ணிலும் கொஞ்சம் தொடங்கியிருக்கிறது. அதைச் சொட்டுமருந்து விட்டு நிறுத்தி வைக்கலாம், ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அதுவும் கஷ்டம் என்றார்.

"வண்டி ஓட்டலாமுங்களா?" என்று இவர் கேட்டார். அந்த ஒன்றைத்தான் கேட்டார்.

டாக்டரம்மா தலையை ஆட்டினார். இவர், சரிங்க என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தாங்கவில்லை. இவர் கண் போனதுக்கு அழுவதா, என் பைத்தியக்காரத்தனத்துக்கு அழுவதா. கேட்கக் கூடாத நேரம்தான், ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அப்ப ரோட்டுல என்ற கையப் புடிச்சுட்டு நடந்ததெல்லாம் கண்ணு தெரியாமத்தானுங்களா? லெப்ட் சொல்லு லெப்ட் சொல்லுன்னு பேசச் சொன்னதும் அதுக்குத்தானா?"

அவினாசி தாண்டின பிறகு இவர் கேட்டார்:

"காசில படி எறங்குனமே, நீ எந்தப் பக்கம் நின்ன?"

யோசித்தேன். படியில் பாசி. எனக்குப் பயம். சுவர் இடது பக்கம் இருந்தது, இவர் அதை ஒட்டி இறங்கினார். நான் வலது பக்கம்.

"அன்னைக்கு யாரு கையப் புடிச்சா?"

இவர்தான். ஆற்றைத் தொட்டு, முழுகி, திரும்ப மேலே ஏறுகிற வரைக்கும் விடவில்லை. என் வளையல் நசுங்கியதுகூட ஞாபகம் இருக்கிறது.

"வலது கண்ணு எனக்கு நல்லாத்தான தெரியுது" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டேன். முன்சீட்டுப் பொம்பளை திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜூன் 19, வியாழன்

காலையிலும் சாயங்காலமும் சொட்டுமருந்து. நான் விடுகிறேன். கண்ணைத் திறங்க என்றால் வாயையும் சேர்த்துத் திறக்கிறார்.

சாயங்காலம் இவரே போன் போட்டு டெப்போவிலிருந்து சடையப்பனை வரவழைத்தார். இவருக்குக் கீழே ரூட்டு பழகிய பிள்ளை, இப்போது தொப்பூர் வழி சேலம் தர்மபுரி வண்டி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வாரலீவு. இவர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவன் அப்படியே தலையைக் குனிந்துகொண்டான். இவர்தான் அவன் முதுகில் தட்டி, இங்க பாருடா, செகண்ட் கியர் சித்த மக்கர் பண்ணும் என்று ஆரம்பித்து, கிளட்சு, பிரேக்கு, ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் சாவியைக் கொடுத்தார். கொடுத்த கையைக் கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார். நான் காபி டம்ளரைக் கொண்டுவந்து அந்தக் கையில் கொடுத்தேன்.

வினோவுக்கு நான் சொல்லவில்லை, இவரே சொன்னார். அப்பன் டிரைவர் இல்ல சாமி, இந்தத் தடவ பாசஞ்சர் என்றார். அவள் அழுதிருப்பாள் போல. இவர் சிரித்துக்கொண்டே பேசினார். போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனவர் வருவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

ஜூன் 21, சனி

போர்டு எழுதினார். 'ஓசூர் – கோபி'. கீழே சின்னதாக 'பாயிண்ட் டு பாயிண்ட்' என்று. வழியில் எங்கும் நிற்காதாம். எழுத்து இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நேராக இருக்குங்க என்று மட்டும் சொன்னேன். இந்தப் பொய் யாரையும் இடிக்காது.

ஜூன் 22, ஞாயிறு

வீடு வந்தாயிற்று. எல்லோரும் சுகம். வினோ படுத்திருக்கிறாள். அசதி கண்ணைச் சுழற்றுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

வளைகாப்பு குறைவில்லாமல் நடந்தது. சந்தனமும் குங்குமமுமாக, இரண்டு கை நிறைய வளையலோடு வினோவை வண்டியில் ஏற்றினோம். சம்பந்தியம்மா கட்டிலைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். வினோ கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் படுத்தாள். இவர் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார். முன்னால் இடது பக்கச் சீட்டில் என் இடத்தில் நான். ஸ்டியரிங்கில் சடையப்பன்.

அவன் இஞ்சினைக் கிளப்பினான். எடுக்கவில்லை. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கையாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், வண்டி நகரவில்லை. என்னப்பா என்றேன்.

"விசிலு வரலீங்களே அக்கா. கண்டக்டர் விசிலு இல்லாம எடுத்தா அண்ணன் மெமோ குடுத்துருவாருங்க."

என் கை கழுத்துக்குப் போனது. விசில் அங்கேதான் இருந்தது, காலையில் பழக்க தோஷத்தில் மாட்டியிருக்கிறேன். வாயில் வைக்கப் போனேன். அப்புறம் கழற்றினேன். திரும்பி, பின்னால் இவரிடம் நீட்டினேன்.

இவர் வாங்கவில்லை. விசிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சர்வீஸ் முழுக்க யாராவது பின்னாலிருந்து விசில் கொடுத்தால் வண்டியை எடுத்த மனிதர். ஒரு நாள்கூடத் தானாக ஊதியதில்லை. வினோ எட்டி என் கையிலிருந்து அதை வாங்கி, வளையல் குலுங்க அவர் கையில் வைத்தாள். ஊதுங்கப்பா, பாப்பா காத்துட்டிருக்குது என்றாள்.

"லெப்ட் பாத்தியா?" என்று இவர் என்னைக் கேட்டார்.

ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். ஒரு சைக்கிள் போனது. அது போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தனுங்க. லெப்ட் போலாம்."

இரண்டு விசில் கொடுத்தார். முதல் விசில் காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது தெரு முழுக்கக் கேட்டது. வண்டி கிளம்பியது.

தொப்பூர் இறக்கத்தில் சடையப்பன் பூப்போல இறக்கினான். நான் லெப்ட் சொல்லிக்கொண்டே வந்தேன். அவனுக்குத் தேவையில்லை, எனக்குத் தேவையாக இருந்தது. நான் வாயை மூடியபோதெல்லாம் பின்னாலிருந்து, என்ன கண்டக்டர் தூங்கியாச்சா என்று குரல் வந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வினோவுக்கு ஆரத்தி கரைக்க வேண்டுமென்று நான் தெருமுனையிலேயே இறங்கி முன்னால் ஓடிவந்துவிட்டேன். மஞ்சள் தண்ணீரைத் தட்டில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. தட்டோடு ஓடினேன். தொப்பூரையே ஒரு கையால் இறக்கிய சடையப்பன், எங்கள் கேட்டுத் தூணில், அதே இடத்தில், இடது பக்கத்தை உரசிவிட்டு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லோகநாதன் வழக்கம்போல எட்டிப் பார்க்கிறான்.

வண்டிக்குள்ளிருந்து வினோ சிரிக்கிற சத்தம். இவர் இறங்கினார். தூணைத் தடவிப் பார்த்தார். இந்த இருபது நாளில் இவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"தூணு நகந்திருக்குதுன்னு நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா?"

ஆமாங்க என்றேன்.